எதிரே வருபவர்களின் வணக்கம்

சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவுவது ஸ்டெல்லனின் வேலை. அவற்றை மறுபடி கழுவுவது குன்வோரின் வேலை. முதல் பாதி அவர் ஓய்வுபெற்றபோது கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்தது. இரண்டாம் பாதி இந்த ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் நடந்து வந்தது. அவர் ஒவ்வொரு கண்ணாடித் தம்ளரையும் கழுவி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, திருப்தியோடு கவிழ்த்து வைப்பார். துணியைப் பிழிந்து குழாய்மேல் மடித்துப் போட்டுவிட்டு ரேடியோவில் செய்தி கேட்கப் போவார். அவர் தலை மறைந்ததும் குன்வோர் தம்ளரைத் திருப்பிப் பார்ப்பாள். அடியில் பால் வட்டம் அப்படியே இருக்கும்.

செப்டம்பரில் ஒரு நாள் ரேடியோவில் பேட்டரி தீர்ந்து, ஸ்டெல்லன் பாதியில் திரும்பி வந்துவிட்டார்.

“என்ன பண்றே?”

“கழுவுறேன்.”

“நான்தான் கழுவிட்டேனே.”

“நீ குளிப்பாட்டினே. நான் கழுவுறேன்,” என்றாள் குன்வோர். தம்ளரைத் துடைத்துக்கொண்டே, அந்த வருஷம் பல தடவை சொன்னதை இன்னொரு தடவையும் சொன்னாள்: போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வா.

ஸ்டெல்லன் அண்ணாந்து சமையலறை விளக்கைப் பார்த்தார். இது மங்கல், மாற்ற வேண்டும் என்றார்.

அவருக்கு அந்த வருஷம் எல்லாமே மங்கிப்போயிருந்தது. முதலில் படுக்கையறை விளக்கை மாற்றினார். பிறகு மாடிப்படி விளக்கு. குளியலறையில் அவர் மாட்டிய புது விளக்கின்கீழ் குன்வோர் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, காலை நேரத்தில் இவ்வளவு உண்மை வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டாள். செய்தித்தாள்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பத்திரிகை அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னார். ஆக, எக்பி ஊரில் விளக்கும் மையும் எல்லாம் சேர்ந்து அவருக்கு எதிராகச் சதி செய்தன. அவர் கண் மட்டும் நிரபராதி. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனதில், கடைசியில் பழி கார்மேல் வந்து விழுந்தது.

கார் என்றால் ஸ்டெல்லனின் அப்பா வாங்கிய வோல்வோ அமசோன். அறுபத்தாறாம் வருஷத்து வண்டி, கரும்பச்சை நிறம். வீட்டில் அதற்குப் ‘பச்சை’ என்றே பெயர். முன்பக்கம் உருண்டையாக இரண்டு விளக்குகள். ஓடிக்கொண்டிருந்த இன்னொரு காரை, ‘ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு வண்டி’ என்று சொல்லி ஸ்டெல்லன் போன வருஷம்தான் விற்றிருந்தார். ஏப்ரலில், பனி உருகத் தூவிய, இரும்பை அரிக்கிற உப்பு சாலையிலிருந்து கழுவிப் போன பிறகு பச்சையை வெளியே எடுப்பார். பனி விழுந்து உப்பு லாரி மறுபடி சாலைக்கு வருவதற்குள் கொட்டகையில் விட்டுப் போர்வை போட்டுவிடுவார். பனிக்காலத்துக்குப் பஸ்.

ஐம்பது வயது தாண்டிய வண்டியை அரசாங்கம் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை. எழுபதை நெருங்கும் ஓட்டுநரையும் கூப்பிடுவதில்லை. ஆக, எங்கள் இரண்டு பேரையும் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்று ஸ்டெல்லன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் குன்வோருக்கு ஹார்னா தேவாலயத்தில் பாடற்குழு ஒத்திகை. வயலும் காடும் மாறி மாறி வரும் குறுகிய சாலையில் இருபது நிமிஷம் போக வேண்டும். ஸ்டெல்லன்தான் கொண்டுபோய் விடுவார். அவள் உள்ளே பாடுகிறவரைக்கும் வண்டியிலேயே பிளாஸ்க் காபியோடும் ஏலக்காய் பன்னோடும் உட்கார்ந்திருப்பார். ‘வாரத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான் நான் ஒருத்தருக்குப் பிரயோஜனப்படுகிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு சும்மா. சொன்னது நிஜம்.

அந்த செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இருட்ட ஆரம்பித்த நேரத்தில், முப்பது வருஷமாகத் திரும்பும் திருப்பத்தை அவர் தவறவிட்டார். திருப்பம் என்று நினைத்து ஒரு பால் பண்ணையின் முற்றத்துக்குள் போய் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் வரிசையாக நின்று பார்த்தன.

“சர்ச்சை இடம் மாத்திட்டாங்க போல,” என்றார் ஸ்டெல்லன்.

குன்வோர் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பேசியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. பஸ் என்றால் செவ்வாய்க்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமையும் போனால் அப்புறம் தட்டு கழுவுவது மட்டும்தான் மிச்சம். அதுவும் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

வீடு வந்து சேர்வதற்குள் அவர் ஒரு பந்தயம் கட்டினார். பச்சையின் விளக்குகள் மெழுகுவர்த்தி மாதிரி; இந்தக் காலத்து எல்.இ.டி. விளக்கு மாட்டிவிடுகிறேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை ஏதாவது என் கண்ணுக்குத் தெரியாமல் போனால், நானே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறேன். குன்வோர் சற்று யோசித்து, சரி என்றாள்.

விளக்கைப் பற்றி ஸ்டெல்லனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருஷம் எக்பியில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். மீதிப் பாதி அவரிடம் பயந்து பக்கத்து ஊருக்குப் போய்க் கற்றுக்கொண்டது. ‘கிளட்ச் ஸ்டெல்லன்’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். கரும்பலகையில் ஒரு காரை வரைந்து, அதன் முன்னால் டிம் லைட்டின் வெளிச்சத்தை வரைவார். அது இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. வண்டிகள் வலது பக்கம் ஓடும் இந்த நாட்டில், நம் பக்கமாகிய வலது ஓரத்தில் மேலே ஏறிப் பள்ளத்தையும், நடந்து போகிறவரையும், காட்டு ஓரத்து மானையும் காட்டும். இடது பக்கம் தாழ்ந்து படுத்துக்கொள்ளும். ஏனென்றால் அங்கே எதிரே ஒருவர் வந்துகொண்டிருக்கிறார், அவருக்கும் இரண்டு கண் இருக்கிறது. இதைச் சொல்லும்போது சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். எதிரே வருபவர் லைட் அடித்தால் அவரைத் திட்டாதே, முதலில் உன்னைப் பார் என்பது அடுத்த பாடம்.

பதினாலு வயதில் இந்த விளக்கு மாற்றும் வேலையில் அவர் கையும் பட்டதுண்டு. நாடு முழுக்க இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாறிய வருஷம் அது. எல்லா வண்டிக்கும் விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. இதே பச்சைக்கு அப்பா மாற்றினார். ஸ்டெல்லன் பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தொலைத்து அப்பாவிடம் திட்டும் வாங்கினார்.

இவ்வளவும் தெரிந்தவர், புது விளக்குகளை ஓர் இங்கிலாந்துக் கடையிலிருந்து வரவழைத்தார். இங்கிலாந்தில் பழைய கார்ப் பைத்தியங்கள் அதிகம். விளக்கின் படம் அழகாக இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பொடி எழுத்தில் போடுகிற விஷயம் முக்கியமாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

விளக்குகள் வந்தன. கொட்டகையில் உட்கார்ந்து பழைய வளையத்தைக் கழற்றி, கம்பிகளைப் பிரித்து, புதியதைப் பொருத்தினார். ஒரு விளக்கின் கண்ணாடியில் சின்னதாய் ஒரு கீறல் மாதிரி தெரிந்தது. துணியால் தேய்த்தார், போகவில்லை. இன்னொன்றிலும் அதே இடத்தில் அதே கீறல். இங்கிலாந்துக்காரன் பெட்டிக்குள் சரியாக அடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டார்.

விளக்கு மாற்றினால் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மாணவர்களை அவர் இதற்காகப் படுத்தியிருக்கிற பாட்டுக்கு அளவில்லை. கொட்டகைச் சுவரை மறைத்து குன்வோர் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கியிருந்தாள். நிறையப் பெட்டிகள். நகர்த்தினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெல்லன் ஆப்பிள் பெட்டிகளையே வெளிச்சம் போட்டுப் பார்த்தார். ஆப்பிள்கள் நன்றாகத் தெரிந்தன. போதும் என்று முடிவு செய்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு வாழ்நாளில் மறக்காது. சாலை முழுக்கப் பால் கொட்டின மாதிரி வெளிச்சம். திருப்பம் தெரிந்தது, பால் பண்ணைக்குப் போகும் வழியும் தெரிந்தது, அவர் அதற்குள் போகவில்லை. அதைவிடப் பெரிய ஆச்சரியம், எதிரே வந்த முதல் வண்டி அவரைப் பார்த்து விளக்கைச் சிமிட்டியது.

இந்தப் பக்கத்தில் லைட் அடித்தால், முன்னால் சாலையில் காட்டு மான் நிற்கிறது, பார்த்துப் போ என்று அர்த்தம். ஸ்டெல்லன் வேகத்தைக் குறைத்தார். மான் இல்லை. இரண்டாவது வண்டியும் அடித்தது. அப்போதும் மான் இல்லை. மூன்றாவது வண்டி அடித்தபோதுதான் அவருக்கு விளங்கியது. பழைய வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் லைட் அடித்துக் கை காட்டுவது வழக்கம். புது விளக்கில் பச்சை ஜொலிக்கிறது. ஊர் அதைக் கவனிக்கிறது.

“எல்லாம் என் பழைய ஸ்டூடன்ட்ஸா இருக்கும்,” என்றார்.

அவர் கை ஆட்டினார். அடுத்த வண்டி இரண்டு தடவை அடித்தது. அவர் இன்னும் உற்சாகமாக ஆட்டினார். ஒருவர் ஹாரனும் அடித்துவிட்டுப் போனார். ஹார்னா வருவதற்குள் குன்வோரும் கை ஆட்ட ஆரம்பித்திருந்தாள். கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். தங்கள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை என்று இருவரும் சிரித்தார்கள். அன்று ஒத்திகை முடிந்து திரும்பும்போதும் அதே வரவேற்பு. கண் ஆஸ்பத்திரி என்ற பேச்சை அந்த வாரம் முழுக்க யாரும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய், ஹார்னாவுக்குச் சற்று முன்னால், எதிரே வந்த பஸ் சாலை நடுவில் நின்றுவிட்டது. ஸ்டெல்லனும் நிறுத்தினார். பஸ்ஸிலிருந்து பெர்னிலா இறங்கி வந்தாள். அவரிடம் கற்றவர்களிலேயே மோசமான மாணவி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவள். டெஸ்ட்டில் பல தடவை கோட்டைவிட்டு, இப்போது இந்தச் சாலையில் தினம் பஸ் ஓட்டுகிறாள். நெற்றிக்குக் குடை மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு அவள் வருவதை, மரியாதைக்காக வைத்த சலாம் என்று நினைத்து ஸ்டெல்லன் சிரித்த முகத்தோடு ஜன்னலை இறக்கினார்.

“ஸ்டெல்லன், லைட்டை டிம் பண்ணுங்க.”

“டிம்லதான் இருக்கு, பெர்னிலா.”

“இதுவா டிம்மு? போன வாரம் நான் லைட் அடிச்சேன், நீங்க கை ஆட்டினீங்க. சரி, கவனிக்கலைன்னு மறுபடி அடிச்சேன். குன்வோரும் சேர்ந்து ஆட்டுறாங்க.”

குன்வோர் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

“வணக்கம் சொல்றேன்னு நெனச்சோம்,” என்றார் ஸ்டெல்லன்.

“கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொன்னேன்.” பெர்னிலா திரும்பித் தன் பஸ்ஸைப் பார்த்தாள். வெளிச்சம் சாலையின் வலது ஓரத்தில் தாழ்ந்து கிடந்தது. இடது பக்கம் ஏறி, பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்கப் படர்ந்திருந்தது. உள்ளே பயணிகள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் லைட்டு?” என்று கேட்டாள்.

“இங்கிலாந்து.”

அவள் உடனே சிரிக்கவில்லை. அதற்காக ஸ்டெல்லன் இன்றுவரை அவளுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார். “அங்கே இடது பக்கம்தானே ஓட்டுவாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

இங்கிலாந்து விளக்கு இங்கிலாந்துக்காரருக்காகச் செய்தது. அவருடைய சாலை ஓரம் இடது பக்கம் இருக்கிறது. அதனால் அது இடது பக்கம் ஏறும். இங்கே இடது பக்கத்தில் இருப்பது எதிரே வருபவரின் கண். ஒரு நாடே ஒரு நாளில் வலது பக்கம் மாறியது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஒரே ஒரு ஆள் தனியாக இடது பக்கம் திரும்பிப் போயிருக்கிறார். அந்த ஆள் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்.

“டிம் லைட்டு எந்தப் பக்கம் தூக்கும்னு டெஸ்ட்ல கேட்டாங்க. நான் இடதுன்னு எழுதிட்டு வந்தேன்,” என்றாள் பெர்னிலா. “அதுக்கு நீங்க ஒரு வாரம் என்கிட்ட பேசலை.”

பஸ்ஸுக்குப் போய்க் கறுப்பு டேப் எடுத்து வந்தாள். காரோடு கப்பலில் வந்து இறங்கும் இங்கிலாந்துக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே, குனிந்து இரண்டு விளக்கிலும் ஏறும் பக்கத்தை மறைத்து ஒட்டினாள். பஸ் ஜன்னல்களில் இப்போது எல்லா முகமும் தெரிந்தது. ஒரு பெரியவர் கை ஆட்டினார். ஸ்டெல்லன் பதிலுக்கு ஆட்டவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் ஹெல்யெயின் பட்டறைக்குப் போய்விட்டார். பழைய கார்க்காரர்கள் புதன்கிழமை காபிக்குக் கூடுகிற இடம் அது. கதை தனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவசரம். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே ஆரம்பித்து, கை ஆட்டியதையும், குன்வோர் ஆட்டியதையும், பெர்னிலாவின் சலாமையும் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினார். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கீறலையும் சொன்னார். காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். அது கீறல் இல்லை, எந்தப் பக்கத்துச் சாலைக்கான விளக்கு என்று காட்டுகிற அம்புக்குறியாம்.

ஹெல்யெ மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அவர் ஸ்டெல்லனைவிட மூத்தவர், கொஞ்சம் நேராகப் பேசுபவர்.

“அம்புக்குறி உனக்குத் தெரியலையாப்பா?”

“கொட்டகையில லைட் மங்கல்,” என்றார் ஸ்டெல்லன்.

சரியான விளக்குகளை ஹெல்யெயே வரவழைத்துக் கொடுத்தார். இந்த முறை ஸ்டெல்லன் ஆப்பிள் பெட்டிகள் அத்தனையையும் நகர்த்தினார், இடுப்பும் பிடித்துக்கொண்டது. சுவரில் டேப்பால் கோடு போட்டு, வண்டியைப் பின்னால் நகர்த்தி, வெளிச்சம் வலது பக்கம் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறியது. சந்தேகத்துக்குக் குன்வோரையும் கூப்பிட்டுக் காட்டினார். வலதுதான் என்று அவள் சாட்சி சொன்னாள்.

அக்டோபர் பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரே வந்த வண்டிகள் எல்லாம் பேசாமல் போயின. ஒருவரும் லைட் அடிக்கவில்லை. ஒருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனாலும் ஸ்டெல்லனுக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு வருத்தம். அதைக் குன்வோரிடம் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

காடு முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் அவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். சாலையோரம் மான் என்றார். வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருளை அது. அறுவடை முடிந்த வயலெல்லாம் அதுதான் கிடக்கிறது. சரி, தெரியாமல் மோதுவதைவிடத் தெரிந்து நிற்பது மேல் என்றார். வண்டி மறுபடி நகர்ந்து வேகம் பிடித்தது.

“ஸ்டெல்லன், ஆள்.”

அவள் கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். அந்தக் குரலுக்குத்தான் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஆளை அவர் பார்க்கவில்லை. கடந்து போன பிறகுதான் பக்கக் கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பளபளக்கும் மஞ்சள் மேலாடையும், கையில் நாயும், நாய் கழுத்தில் மினுங்கும் பட்டையுமாக ஒருவர் வலது ஓரத்தில், வெளிச்சம் ஏறி விழுகிற அதே இடத்தில், நடந்து போய்க்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லன் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“லைட் நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஸ்டெல்லன்.

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள் குன்வோர். “எனக்கு எல்லாமே தெரியுது.”

ஹார்னாவில் அவள் தேவாலயத்துக்குள் போன பிறகு அவர் பிளாஸ்க்கைத் திறக்கவில்லை. வண்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, விளக்கைப் போட்டார். இறங்கிப் போய்ச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், பிறகு வலது கண்ணை. சுவரில் வெளிச்சத்தின் விளிம்புக் கோடு கூர்மையாக விழுந்திருக்க வேண்டும். அவருக்கு அது பஞ்சு மாதிரி தெரிந்தது. வாசல் விளக்கைச் சுற்றி ஒரு பெரிய வளையம். அந்த வளையத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. போன குளிர்காலத்திலிருந்தே எல்லா விளக்கிலும் அது இருந்தது. பனிமூட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை, ‘நீ இன்னும் தயாராகவில்லை, அடுத்த மாதம் வா’ என்று திருப்பி அனுப்பியவர், தனக்கு எதிரே தானே உட்கார்ந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பும் வழியில் அவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.

காலையில் குன்வோர் எழுவதற்கு முன்னால் அவரே போன் செய்தார். பந்தயம் பந்தயம்தான். சொன்ன நாளில் போனபோது, கண் ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர் அம்மா. இரண்டு கண்ணிலும் புரை என்றாள். நன்றாக முற்றியிருக்கிறது, எப்படி இத்தனை நாள் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். நிறைய விளக்கு வாங்கினேன் என்றார் ஸ்டெல்லன். அறுவைக்கு வசந்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு நன்றாகத் தெரியும், அதுவரை வண்டி எடுக்கக் கூடாது என்றாள். ராத்திரியில்தானே என்று கேட்டதற்கு, பகலிலும்தான் என்றாள். முப்பத்தெட்டு வருஷம் டிரைவிங் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று அவர் தெரிவித்தார். அப்படியென்றால் நான் விளக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதையும் புதன்கிழமை காபியில் அவரே நடித்துக் காட்டினார். “கார்ல ரெண்டு தடவை மாத்தியாச்சு. மாத்த வேண்டியது மண்டையில இருக்கு,” என்று முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை சமையலறையில் உட்கார்ந்து, போனை மூக்குக்கு அருகில் பிடித்து, ஹார்னா போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று தேடிக்கொண்டிருந்தார். அவளை நிறுத்தம்வரை நடந்து கொண்டுபோய் விட்டுவரலாம் என்பது அவர் எண்ணம். குன்வோர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். கதவோரம் ஆணியில் தொங்கிய பச்சையின் சாவியை எடுத்தாள்.

“பஸ் எதுக்கு? அவ்ளோ நல்ல லைட்டைப் போட்டுட்டு வண்டி சும்மா நிக்குது.”

குன்வோருக்கு லைசென்ஸ் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மாணவியாக வந்தவள். முதல் டெஸ்ட்டிலேயே தேறினாள். கல்யாணமான பிறகு தனியாகப் போகும்போது அந்த இன்னொரு காரை எங்கும் ஓட்டுவாள். ஸ்டெல்லன் கூட வந்தால் மட்டும் சாவியைத் தொட மாட்டாள். டிரைவிங் வாத்தியாருக்குப் பக்கத்து சீட்டில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பச்சையில் அது இல்லை. இருந்தும் அவள் ஓட்டும்போதெல்லாம் அவர் கால் அதைத் தேடித் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். வாயும் கூடவே வேலை செய்யும். ஒரு தடவை, பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் என்று நினைவு, அவள் வண்டியை நடுவழியில் ஓரம் கட்டி, இறங்கி, பேசாமல் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து பச்சையை அவர் மட்டும்தான் ஓட்டினார். அவள் விட்டுக்கொடுத்தாள் என்றுதான் இத்தனை காலமும் அவர் சொல்லி வந்தார்.

ஸ்டெல்லன் போனை மேஜைமேல் வைத்தார்.

“குளிர்ல அது லேசுல கிளம்பாது,” என்றார். “சோக்கைப் பாதி இழுக்கணும். முழுசா இழுத்துடாதே. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கிளட்சை அடிவரைக்கும் மிதிச்சு, ஒரு செகண்ட் விட்டு...”

குன்வோர் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அவர் கியர் விஷயத்தை முடித்து ஹேண்ட் பிரேக்குக்கு வந்து, அங்கே தானாகவே நின்றார்.

“ஸ்டெல்லன்,” என்றாள் குன்வோர். “பக்கத்து சீட்டுல உக்காந்து, ஹார்னா போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்காம வர முடியுமா உன்னால?”

ஸ்டெல்லன் யோசித்தார். விளையாட்டாகச் சொல்லிவிட முடிகிற பதில் இல்லை அது. அவர் மனதுக்குள் சாலை ஓடியது. பால் பண்ணைத் திருப்பம், காடு, பஸ் வந்து நின்ற இடம், தேவாலயத்துக்கு முன்னால் அந்த ஏற்றம். ஏற்றத்தில் எல்லோரும் மூன்றாவது கியரில் போவார்கள். இரண்டாவதுக்கு முன்கூட்டியே மாற்ற வேண்டும். அதை இப்போதே சொல்லிவிட்டால் போகும்போது சொல்ல வேண்டியிருக்காது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

குன்வோர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். பாட ஆரம்பிக்கும் முன்னால் பியானோவுக்குக் காத்திருப்பது போல, அவசரமில்லாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறைகளை எடுத்துக்கொண்டு, அவருக்காகக் கதவைத் திறந்தே விட்டுவிட்டு வெளியே போனாள்.